கிடத்தி வைத்த படம்

எஸ்டேட்டின் பழைய காப்பிக் கிடங்கை ஓவியக் கூடமாக மாற்றினார்கள். படங்களை மாட்டுவதும், பக்கத்தில் இரண்டு வரி எழுதி ஒட்டுவதும் என் வேலை. வெள்ளைச் சுவர், கண் மட்டத்தில் சட்டம், மேலிருந்து ஒரு விளக்கு. எதை இப்படி வைத்தாலும் வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதைப் புரிதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அதே எஸ்டேட்டில் வேலை செய்யும் கிளியூர்ப் பெண்மணி ஒருவர் துணியில் தீட்டிய படம் வந்தது. ஆள் உயரம். பழுப்பில் வரிவரியாக மேடும் பள்ளமும், நடுவே சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சைப் பொட்டுகள். எனக்கு உடனே மலை தெரிந்தது. சன்னலைத் திறந்தால் மலை, எழுத உட்கார்ந்தால் மலை, வேறென்ன தெரியும்? நிமிர்த்தி மாட்டி, ‘மாலை வெயிலில் சேர்வராயன் மலை’ என்று எழுதி ஒட்டினேன். சேலத்திலிருந்து வந்தவர்கள் முதலில் சீட்டைப் படித்தார்கள். பிறகு படத்தில் மலையைப் பார்த்தார்கள். பொட்டுகளை வீடுகள் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

சனிக்கிழமை அந்தப் பெண்மணி வந்தார். படத்தின் முன்னால் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“ஏனுங்க சார், களத்தத் தூக்கிச் செவுத்துல சாத்திட்டீங்க. கொட்டையெல்லாம் கீழ கொட்டிப்போயிருமுங்க.”

அது காப்பிக்கொட்டை காய்கிற களம். மேட்டு ரோட்டிலிருந்து குனிந்து பார்த்தது. வரிகள், பலகையால் கிளறிய தடம். பொட்டுகள், கிளறும் பெண்களின் தலைத்துண்டு.

“எங்க செட்டுப் பொம்பளைங்க நாளைக்கு வர்றாங்க. எல்லாரையும் போட்டிருக்கறேன்னு சொல்லிக் கூப்புட்டிருக்கறனுங்க. இப்பிடி இருந்தா ஒருத்திக்கும் தன்னையத் தெரியாது. அப்பறம் என்னைய நொம்பப் பேசுவாங்க.”

சட்டத்தைக் கழற்றினேன். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் படத்தை முழங்கால் உயரத்தில் கிடத்தினோம். நாலு பக்கமும் ஆள் சுற்றிவர இடம் விட்டோம். விளக்கை அணைத்துச் சன்னலைத் திறந்தேன். சீட்டைக் கிழித்துவிட்டு, என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

“அவிங்களுக்கு வேண்டாமுங்க. மத்தவங்களுக்கு, களம்னு எழுதுங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவரோடு எட்டுப் பேர் வந்தார்கள். களத்தில் செருப்போடு கால் வைத்துப் பழக்கமில்லாதவர்கள். படத்தைப் பார்த்ததும் வாசலுக்குத் திரும்பிப்போய்ச் செருப்பை விட்டுவிட்டு வந்தார்கள். பிறகு சுற்ற ஆரம்பித்தார்கள்.

“பச்சைத் துண்டு நானு.”

“நீயேதான். வரி கோணலாப் போகுது பாரு.”

சுற்றுலா வந்த ஒரு குடும்பம் அவர்களுக்குப் பின்னால் குனிந்து, அவர்களோடு சேர்ந்து சுற்றியது. சீட்டை யாரும் தேடவில்லை.

ஒருவர் மட்டும் இரண்டு சுற்று வந்துவிட்டார். “ஏக்கா, என்னைய எங்க காணோம்?” என்று படம் தீட்டியவரைக் கேட்டார்.

“நீ அன்னிக்கு லீவு. அந்த மூலையில கெளறாமக் கெடக்குதல்ல, அது உன்ற எடம்.”

அந்த மூலையில் வரிகள் இல்லை. வெறும் பழுப்பு. அவர் குனிந்து பார்த்தார்.

“ஒரு நாள் லீவு போட்டதுக்கு ஊரே வந்து பாக்கோணுமாக்கும்” என்றார். மற்றவர்கள் அடுத்த படத்துக்குப் போன பிறகும் அந்த மூலையிலேயே நின்றார்.