விரால் ஏறிய மழைக்காலம்

எங்களுக்குக் கல்யாணமான வருஷம் செஞ்சியில் நல்ல மழை. ஐப்பசியில் பிடித்தது, கார்த்திகை பாதிவரை விடவில்லை. ஏரிகள் நிரம்பி வழிந்தன. வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியது. கடைத்தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எங்கள் பாத்திரக் கடையில் நைனா கல்லாவில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார். நான் துடைத்த குடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

வீடு கடைக்குப் பின்னாலேயே. ஒரு கூடம், இரண்டு அறை. அதற்குள் நைனா, அம்மா, தங்கைகள், போதாததற்குச் சித்தப்பா குடும்பம். புதுப் பெண்டாட்டியோடு தனியாக நாலு வார்த்தை பேச இடம் கிடையாது. அவள் தொண்டூரில் பயிர்வைக்கும் வீட்டுப் பெண். சரியான வாயாடி என்று அவளுடைய அத்தையே சொல்லியிருந்தாள். ஆனால் எங்கள் வீட்டில் அவள் என்னிடம் பேசியதெல்லாம் ‘சாப்பிட வாங்க’, ‘தண்ணி காஞ்சிடுச்சு’ அவ்வளவுதான்.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் ஆற்றங்கரை நெடுக ஆட்கள் தூண்டிலோடு உட்கார ஆரம்பித்தார்கள். புதுத் தண்ணீரை எதிர்த்து மீன் ஏறுகிறது என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. எனக்கும் ஆசை வந்துவிட்டது. சாப்பிடும்போது சொன்னேன்.

“நாளைக்கு நான் மீன் புடிக்கப் போறேம்மா.”

“உனக்கு இன்னாடா தெரியும் மீன் புடிக்க?” என்றாள் அம்மா.

“கத்துக்கறேன்.”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: “துணி ரொம்ப சேந்துபோச்சு அத்தை. நானும் ஆத்துக்குப் போயி தொவச்சிக்கினு வந்துடறேன்.”

அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் நாள் மூங்கில் கழியில் கடையிலிருந்த சணலையே கட்டிக்கொண்டு போனேன். முள்ளில் சோற்று உருண்டை. வீசினால் கரையோரத்துக் கருவேல மரத்தில் போய் மாட்டியது. எடுத்து மறுபடி வீசினேன், மறுபடியும் அதே மரம். துவைக்கிற கல்லருகே அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

“மரத்துமேல மீன் ஏறி இருக்குதா?”

“நீ வந்து போடேன் பாக்கலாம்.”

“எனக்கும் தெரியாது. எங்க அண்ணனுங்க வலையிலதான் புடிப்பாங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்க்கப் பொறுக்காமல், சணலை மீன் தொடாது என்றார். அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த நைலான் நரம்பை வாங்கிக் கட்டினேன். அவள் ஈர மண்ணைக் கிளறி மண்புழு எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டுத் தந்தாள். தக்கை மிதந்தது. நாங்கள் அதைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தோம். கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். தனியாகப் படுக்கப் பயம் என்றாள். ஒருநாள் திடீரென்று, “பொண்ணு பாக்க வந்தன்னிக்கு உங்க மீசையப் பாத்து சிரிப்பு வந்துடுச்சு. அதான் குனிஞ்சிக்கினே இருந்தேன். எல்லாரும் வெக்கம்னு நெனச்சிக்கினாங்க” என்றாள். நான் கழியைப் பிடித்தபடி சிரித்த சிரிப்பில் தக்கை எங்கே போனதென்றே கவனிக்கவில்லை. இழுத்துப் பார்த்தால் புழு இல்லை.

முதலில் மாட்டியது ஒரு கெளுத்தி. சந்தோஷத்தில் கையால் அமுக்கிப் பிடித்தேன். அதன் முள் உள்ளங்கையில் ஏறியது. நான் அலறிய அலறலில் மீன் துள்ளித் தண்ணீருக்குள் போய்விட்டது. கை மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது. அவள் யாரிடமோ சுண்ணாம்பு வாங்கி வந்து தடவி, முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். அம்மாவிடம் இருவருக்குமே திட்டு.

வீக்கம் வடிந்ததும் மறுபடி போனோம். தண்ணீர் இறங்கி, வளைவில் ஒரு மடு தெளிந்திருந்தது. சின்னக் கெண்டை ஒன்று மாட்டியது. அதையே உயிரோடு முள்ளில் கோத்து விட்டால் பெரிய மீன் வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அப்படியே செய்தேன். கழியை அவளிடம் கொடுத்துவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்கக் கரைமேல் ஏறினேன்.

“இன்னாங்க! இழுக்குதுங்க!”

திரும்பினால் தக்கையைக் காணோம். கழி வில்லாக வளைந்திருந்தது.

“விடாத! கழியத் தூக்கு!”

தூக்க அவளால் முடியவில்லை. கழியைத் தோளில் போட்டுக்கொண்டு, முரண்டு பிடிக்கும் கன்றுக்குட்டியை இழுப்பது போல் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக் கரைமேல் நடக்க ஆரம்பித்தாள். நரம்பு விண்ணென்று நின்றது. அறுந்துபோகும் என்றே நினைத்தேன். தண்ணீர் குபீரென்று கலங்கி, கறுப்பாக ஒரு விரால் மணலில் சரிந்து வந்து புரண்டது. நான் ஓடிப்போய், காயப்போட்டதிலிருந்து கையில் எடுத்திருந்த நைனாவின் வேட்டியை அதன்மேல் போட்டு அப்படியே விழுந்து அமுக்கினேன்.

“இருக்குதா? இருக்குதா?” என்று கேட்டுக்கொண்டே அவள் இன்னும் நடந்துகொண்டிருந்தாள்.

“இருக்குதுடி! எம்மாம் பெருசு, வந்து பாரு!”

அவள் வந்து பார்த்தாள். பிறகு சேறும் செதிலுமாக இருந்த என் முகத்தைப் பார்த்தாள். இருவரும் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம்.

அவள்தான் பிடித்தாள் என்று நான் சொன்னதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அவளும் வாதாடவில்லை. அம்மா புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். வீடு முழுக்கச் சாப்பிட்டது. நைனா சாப்பிடும்போது பேசுகிறவரல்ல. அன்று கை கழுவி எழுந்தவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“சாயங்காலத்துல கடைய நான் பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

தங்கைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தை முடியும்வரை ஆற்றில் தண்ணீர் இருந்தது. ஏறுகிற மீனெல்லாம் ஏறி முடிந்துவிட்டது போலும். அதன்பிறகு எங்களுக்குக் கிடைத்தவை விரல் நீளக் கெண்டைகள்தான். அவற்றை அவள் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவாள். நாங்கள் இருட்டும்வரை உட்கார்ந்து பேசிவிட்டு, கடைத்தெரு விளக்குகளைப் பார்த்தபடி மெல்ல நடந்து வீட்டுக்கு வருவோம்.