புழுதிக்குப் பழகாதவர்

விருஷபதாஸ் நயினார் இறந்துவிட்ட செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் கோதண்டம். பள்ளிக்கூடத்தில் காலை வழிபாடு முடிந்து, பிள்ளைகள் பலகையின் மேல் படிந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். நெசவாளர் தெருவுக்குப் பெரியவர் என்று பெயர் வாங்கியிருக்கும் அந்த மனிதர் வாசலில் நின்று, "நயினார் போய்ட்டாரு டீச்சர். விடியக்காத்தால மூச்சு நின்னுபோச்சி" என்றார். நான் வாய் திறப்பதற்குள்ளாகவே, நாளை சாயங்காலம் இரங்கல் கூட்டம் போடுகிறோம், நீங்கள் நாலு வார்த்தை பேச வேண்டும், நம் சாலைக்கு அவர் பெயரையே வைத்துவிடலாம் என்று தெருவில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

அவரோடு பழகியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டதைக் கேட்டுவிட்டு, நயினார் அப்படிப்பட்டவர் என்று யாராவது நம்பிவிடப் போகிறார்களே என்ற எரிச்சலிலும் எழுதுகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் பக்கம் வந்து, உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அந்தச் சாலையிலேயே நெசவாளர் தெரு ஒன்று, அதை ஒட்டி ஜைனர்களின் தெரு ஒன்று, அதற்கப்பால் வயல். அறுபதுகளின் நடுவில் நான் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து இங்கே ஆசிரியையாக வந்தபோது நயினார் பஞ்சாயத்து உறுப்பினர். நெல் பயிரிடும் ஜைனக் குடும்பம். இனிமையாகப் பேசத் தெரியாத மனிதர். கடுகடுவென்ற முகம், கடுகடுவென்ற பேச்சு. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்ட அன்று உறுப்பினர்களுக்கெல்லாம் சாயங்காலம் இலை போட்டுச் சாப்பாடு. அப்போதுதான் மலைப்பக்கத்துக் குவாரியிலிருந்து ஜல்லி லாரிகள் எங்கள் மண்சாலை வழியாக ஓடத் தொடங்கியிருந்தன. ஒரு லாரி போனதும் பந்தல் முழுக்கச் செம்மண் இறங்கியது. சோற்றின் மேல் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் கிடந்தது. எல்லோரும் மேலாக ஒரு கை சோற்றை வழித்து ஒதுக்கிவிட்டு ரசத்தைப் பிசைந்தார்கள். நயினார் இலையை மடித்துவிட்டு எழுந்தார். பஞ்சாயத்துத் தலைவர் பதறிப்போய் என்ன குறை என்று கேட்டார். "சோறு போட்டீங்க, சந்தோஷம். மண்ணை எப்படிப்பா தின்றது?" என்றார் நயினார். அதன்பின் அன்று அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜைனர்கள் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. பொழுது சாய்வதற்கு முந்திய அந்த நேரத்தில்தான் குவாரி லாரிகள் வரிசையாக வரும். இப்படி அவர் மடித்த இலைகள் எத்தனையோ.

அவருக்கு இழுப்பு நோய் இருந்தது. தார்ச்சாலை கேட்டு மனு எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். நான் வழக்கம்போல "ஊர் மக்களின் நலன் கருதி" என்று ஆரம்பித்தேன். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"பொய் எழுதாதீங்கம்மா. டவுன் டாக்டரு என்னைய ஊரை வுட்டுட்டுப் போவச் சொல்றாரு. நெலத்தை வுட்டுட்டு நான் போவ மாட்டேன். ரோடு போட்டா இங்கயே இருப்பேன், இல்லாட்டி மூச்சு முட்டிச் சாவேன். அதை எழுதுங்க."

அப்படியே எழுதினேன். அரசாங்கத்துக்குப் போன மனுக்களில் அவ்வளவு நேர்மையான மனு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதை வாங்கிப் பார்த்த அதிகாரி சிரித்தாராம். லாரி ஓடினால்தானே ஐயா ஊர் முன்னேறும், கொஞ்சம் புழுதியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்றாராம். ஒருவர் மூச்சுக்காக யாரும் சாலை போட மாட்டார்கள், ஊரே கேட்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதனால்தான் நயினார் நெசவாளர் தெருவுக்குள் போனார். அங்கே நெய்வது பட்டு; அதை அவர் தொட மாட்டார். புழுவைக் கொன்று எடுத்த நூல் என்பதால் வீட்டில் ஒரு பட்டுத் துண்டுகூடக் கிடையாது. தறி இருக்கும் வீட்டுக்குள் நுழையாமல் வாசலில் நின்றபடியே கையெழுத்து வாங்கினார். கூடவே நானும் போனேன். அன்று காலை தெருவில் ஒரு பாவு நீண்டிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் சேலையின் நீள இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இளம் வெயிலில் உலர்த்துவார்கள். அதுதான் பாவு. கஞ்சி ஈரம் காயாத நேரத்தில் லாரி வந்தது. பாவை அவிழ்த்து ஒதுக்குவதற்குள் லாரிக்காரன் ஓரமாக ஏறிப் போய்விட்டான். அரக்கு நிறப் பட்டு முழுக்கப் புழுதி அப்பிக்கொண்டது. பெண்கள் உட்கார்ந்து இழை இழையாகத் துடைத்தார்கள். கோதண்டம் லாரி போன திசையைப் பார்த்துத் திட்டினார்.

நயினார் அவரிடம், "ஒங்க பட்டு எனக்கு ஆகாது கோதண்டம். ஆனா ஒங்க பட்டுல ஏறுற மண்ணுதான் என் நெஞ்சுலயும் ஏறுது" என்றார். தெரு மொத்தமும் கையெழுத்துப் போட்டது.

அதற்குப் பிறகும் சில கோடைகள் போயின. அளக்க வந்தவர்கள் இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். தேர்தல் வந்தது, போனது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வழியாகத் தார் டின்கள் வந்து இறங்கின. அமாவாசையன்று நெசவில்லை, தெரு காலியாக இருக்கும் என்று அந்த நாளையே தேர்ந்தெடுத்தார்கள். ஒப்பந்தக்காரர் போட்டது அப்பள கனம்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் நயினார் மர நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து உருளை ஓடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வாசலிலேயே இலை போட்டுச் சாப்பிட்டார். லாரி ஒன்று போயிற்று. இலையில் ஒன்றும் விழவில்லை. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் விடியற்காலை டங் டங்கென்று சத்தம். நயினார் எழுந்து ஓடினார். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டிலிருந்து நானும் ஓடினேன். நெசவாளர் தெருவில் கடப்பாரைகளை வைத்துக்கொண்டு புதுத் தாரைக் குத்திக்கொண்டிருந்தார்கள். பாவை இழுத்துக் கட்ட இரண்டு முனையிலும் கனமான முளை அடிக்க வேண்டும். மண்சாலையில் காலங்காலமாக இருந்த முளைக்குழிகள் தாருக்கு அடியில் போய்விட்டன. அவற்றைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு குழி.

மனு எழுதிய எனக்கும் இது தோன்றவில்லை, நயினாருக்கும் தோன்றவில்லை. அது எங்கள் பிழைதான். ஆனால் கையெழுத்துப் போட்டவர்களுக்கு? சாலை போட்டால் முளையை எங்கே அடிப்பது என்று முன்பே யோசிக்கவில்லையா என்று கோதண்டத்தைக் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"ரோடு போட்டதே பாவு நீட்டறதுக்குத்தானே டீச்சர்?"

நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். தெரு என்பது பாவுக்காக ஏற்பட்டது, மற்றவர்கள் ஏதோ நடந்து போய்க்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நயினார் கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சுகிற ஆளில்லை. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தன் நெற்களத்தைத் தருகிறேன், எத்தனை முளை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள் என்றார். கோதண்டம் தலையை ஆட்டினார். "நம்ம பாவு நம்ம வாசல்ல நீளணும் நயினாரே. அடுத்தவங்க களத்துல கொண்டுபோயி நீட்டினா, நாலு பேரு என்னா பேசுவாங்க?"

நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதற்காக ஒரு மனிதரின் மூச்சில் கடப்பாரையைப் போட்டார்கள். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நயினார் அதற்கும் ஒரு வழி செய்தார். தச்சரை வைத்து, ஒவ்வொரு குழிக்கும் பொருந்துகிற மாதிரி மரக்கட்டைகள் செதுக்கி வாங்கினார். பாவு எடுத்ததும் கட்டையால் குழியை அடைத்துவிட வேண்டும், தண்ணீர் இறங்காது, சாலை உடையாது. வீடு வீடாகக் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தார். கொஞ்ச நாள் அடைத்தார்கள். மழைக்காலம் வந்தது, விறகு ஈரமாகிவிட்டது, கட்டைகள் அடுப்புக்குப் போயின. குழிகளில் தண்ணீர் நின்றது. லாரிச் சக்கரம் ஏறி ஏறிக் குழி பள்ளமாகி, பள்ளம் ஒன்றோடொன்று சேர்ந்து, அடுத்த சித்திரையில் பழைய புழுதி திரும்பி வந்தது. தார்த் தூளும் சேர்ந்துகொண்டதால் இப்போது கறுப்பாக வந்தது. பாவில் ஒட்டினால் துடைத்தாலும் போகாது. அந்தச் சாலைக்குப் பெயர் என்ன வைத்தார்கள் தெரியுமா? "நயினார் போட்ட ரோடு." அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தார்கள்.

அதன்பின் அவர் எங்கும் வருவதில்லை. ஜன்னல்களில் ஈரத்துணி தொங்கும். நான் பார்க்கப் போனால் பாதி வாக்கியம் பேசுவார், மீதியை மூச்சு தின்றுவிடும். டவுனுக்குப் போய்விடுங்களேன் என்று நான்கூடச் சொன்னேன். "நான் ஏம்மா போவணும்? மண்ணுதான் போவணும்" என்றார். கடைசியாக அவர் என்னிடம் முழுசாகச் சொல்லி முடித்த வாக்கியம் அதுதான்.

இறுதி ஊர்வலத்துக்கு டவுனிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். அவர்களுடைய வெள்ளை வேட்டி கெட்டுப்போகக் கூடாதென்று தெரு நெடுகக் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். குவாரிக்கும் ஆள் அனுப்பி லாரிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். நிறுத்த முடிந்திருக்கிறது, பாருங்கள். அந்த ஈரச் சாலையில், சுத்தமான காற்றில், மூச்சில்லாத நயினாரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

கோதண்டத்தின் வீட்டு வாசலில் நடந்த கூட்டத்தில் அவரைப் பொதுநலத் தொண்டர் என்றார்கள், ஊருக்காக உயிரைக் கொடுத்த தியாகி என்றார்கள். என் முறை வந்தது. நான் எழுந்து, "அவர் ஊருக்காகச் சாலை கேட்கவில்லை, தனக்காகக் கேட்டார். அவர் உயிரைக் கொடுக்கவும் இல்லை. நாம் எடுத்துக்கொண்டோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பிறகு ஒருவர் நன்றி கூறினார். சாலைக்குப் பெயர் வைக்கும் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. நான் சொன்னதை அவர்கள் ஏதோ துக்கத்தில் பேசியதாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் கோதண்டத்தின் மனைவி ருக்குமணி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். நிறுத்தி வைத்திருந்த லாரிகள் அதற்குள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. என் டம்ளரில் ஆடை மாதிரிக் கறுப்பாக ஒரு படலம் மிதந்தது. ருக்குமணி குனிந்து வாயால் அதை ஒரு பக்கமாக ஊதி ஒதுக்கினாள். "இதெல்லாம் பழகிப்போச்சி டீச்சர். குடிங்க" என்றாள். நல்ல பெண்தான். அவளும் இருமுகிறாள்.

நான் டம்ளரை வாங்கி, அத்தனை பேர் பார்க்க, காப்பியைத் தெருவில் கொட்டினேன். ருக்குமணியின் முகம் சுருங்கிப்போயிற்று. டீச்சருக்குத் திமிர் என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. கோதண்டம் எழுந்து வந்து, வீட்டுக்கு வந்த இடத்தில் இப்படியா செய்வது என்று கேட்டார். மண்ணைக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நயினாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த அருவருப்பு ஒன்றுதான். ஊரில் இப்போது அது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. சாகும் வரை விடுவதாக இல்லை.