கையைத் தூக்கச் சொன்னவள்

நேற்று மத்தியானம் போனில் ஒரு சண்டை போட்டேன். தையல்காரப் பெண்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பேத்தி என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். எனக்கு எழுத்து சரியாக வராது, பேச்சு தேவைக்கு மேலேயே வரும். அதனால் மைக் படத்தை அழுத்திப் பேசி அனுப்புவேன். பாவாடை நாடா பற்றி ஒருத்தி கேட்டிருந்தாள், நானும் பதில் சொன்னேன். உடனே குழுவை நடத்துகிற பெண் கீழே ஏதோ எழுதிப் போட்டாள். பேத்தியை விட்டு வாசிக்கச் சொன்னேன். "பாட்டிம்மா சொல்ல வருவது என்னவென்றால்" என்று ஆரம்பித்து, நான் சொல்லாத ஒன்றைச் சொல்லியிருந்தாள்.

"சொல்ல வந்தத நானே சொல்லிட்டேன் கண்ணு, நீ எதுக்கு நடுவுல?" என்று மறுபடியும் பேசி அனுப்பினேன்.

பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்தக்கா நல்லதுக்குத்தான் ஆயா எழுதுனாங்க. இதுக்குப் போயி இவ்ளோ கோவமா?"

இவ்வளவு கோபம் அந்தப் பெண்ணுக்கு உரியது இல்லைதான். அது சூசை வாத்தியாருக்குச் சேர வேண்டியது. அவர் கல்லறையில் வசதியாகப் படுத்துக்கொண்டிருப்பதால், கையில் அகப்பட்டவள் வாங்கிக்கொண்டாள்.

எண்பதுகளில் கம்பைநல்லூரில் ஒற்றை மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் எண்ணெய் வாசம் வந்தால் இன்றைக்கும் எனக்கு ரேடியோ ஞாபகம்தான் வரும், ஏனென்றால் மிஷின் பலகையில்தான் டிரான்சிஸ்டர் இருந்தது. நடுவில் கன்னட நிலையம் ஒன்று புகுந்து புகுந்து பேசும். அதையும் கேட்டுக்கொண்டே ஊக்கு தைப்பேன். மத்தியானம் பெண்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி வரும். ஒருத்தி தபால் கார்டில் கேள்வி எழுதிப் போடுவாள், ரேடியோ அம்மா வாசிப்பார். அடுத்த வாரம் வேறு ஊர்க்காரி பதில் எழுதுவாள். முகம் தெரியாது, ஆனால் இண்டூர்க்காரிக்குப் பட்டன் துளை கோணலாக வரும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள்தான் எனக்குக் கூட்டாளிகள். என் தெருவில் தையலைப் பற்றிப் பேச வேறு யார் இருந்தார்கள், அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு "இதே மாதிரி, ஆனா இப்படி இல்லாம" என்று சொல்கிறவர்களைத் தவிர.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதையும் இரண்டு முறை படித்ததால் அந்த வகுப்பில் மற்றவர்களைவிட எனக்கு ஞானம் அதிகம். ஆனாலும் கார்டு எழுத அது போதவில்லை. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்கும் சூசை வாத்தியாரிடம் போவேன். நான் சொல்வேன், அவர் எழுதுவார். கார்டு பூராவும் அவருடைய மூக்குப்பொடி வாசம் அடிக்கும்.

ஒரு வாரம் தேன்கனிக்கோட்டை கெம்பம்மா என்பவள் கேள்வி போட்டாள். அவள் ஊரில் பெண்கள் துரட்டிக் கம்பு பிடித்துப் புளி உலுக்கப் போகிறார்களாம். ஒரே மாதத்தில் அக்குளில் ஜாக்கெட் கிழிகிறதாம். தையல் மோசம் என்று இவளைத் திட்டுகிறார்களாம், இப்படியே போனால் மிஷினை விற்றுவிட வேண்டியதுதானாம்.

எனக்கு அதற்கு விடை தெரியும். ஓடினேன். "வாத்தியாருங்க, எழுதுங்க. நிக்க வெச்சு அளவெடுத்தா அது போட்டோவுக்குத்தான் ஆவும். கையத் தூக்கச் சொல்லி அளவெடு. அக்குள எறக்கி வெட்டாத, எறக்க எறக்கத்தான் கிழியும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டக் குறுக்கா வெட்டி அங்க வெச்சுத் தையி. கிழிஞ்சா எங்கிட்ட வா, நான் போட்டுட்டு மரமே ஏறிக் காட்டறேன்."

அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள்.

அடுத்த வாரம் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரை மிஷினைச் சுற்றி உட்கார வைத்திருந்தேன். ரேடியோ அம்மா என் பேரும் ஊரும் சொல்லி வாசித்தார். "அன்புச் சகோதரி, பெண்கள் கைகளை மேலே உயர்த்தாமல் அடக்கத்துடன் பணி செய்தால் ரவிக்கை கிழியாது." அவ்வளவுதான். மறுநாள் ஒருத்தி இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, அடக்கமா வந்திருக்கறேன், ஜாக்கெட்ட நீங்களே மாட்டி வுடுங்க."

வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நான் சொன்னது எங்கீங்க?"

"அக்குளு கிக்குளுன்னு ரேடியோவுல வரலாமாம்மா? உன் மானத்தக் காப்பாத்தியிருக்கறேன்."

"ராவும் பகலும் அக்குளத் தைக்கறவ நான். எம் மானத்துக்கு உங்க அளவு எதுக்குங்க?"

அவர் பொடி போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் கெம்பம்மா பதில் வந்தது. "கம்பைநல்லூர் அக்காவுக்கு. கையத் தூக்காம புளி உலுக்க உங்க ஊர்ல மரமெல்லாம் குட்டையா?" ரேடியோ அம்மாவே சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அவள் என்னைத்தான் கேட்டாள். இப்படி ஒரு வாய்க்காரி கிடைத்தும் அவளிடம் நான் முட்டாளாகிப்போனேன்.

நானே கார்டு எழுதினேன். மூன்றாம் வகுப்பின் ஞானத்தை எல்லாம் திரட்டி, ஒரு பகல் பூராவும் எழுதினேன். அதைப் போட்ட ஐந்தாவது வாரம் நிகழ்ச்சி முடியும்போது, கடிதம் போட்டவர்கள் என்று வரிசையாக வாசிக்கும் பட்டியலில் என் பேர் வந்தது. பேர் மட்டும்தான் வந்தது. "உம் பேரு வந்துருச்சுக்கா" என்று தெருவே சந்தோஷப்பட்டது. நான் டிரான்சிஸ்டரை அணைத்தேன். கெம்பம்மா அதற்குப் பிறகு எழுதவே இல்லை. மிஷினை விற்றாளா, வைத்திருந்தாளா, தெரியாது.

அந்த நிகழ்ச்சி போனது, கார்டு போனது, ரேடியோவும் போனது. வாத்தியாரும் போனார், அதில் எனக்கு வருத்தம் குறைவு.

நேற்றுச் சாயங்காலம் மறுபடியும் மைக்கை அழுத்தினேன். "தேன்கனிக்கோட்டைப் பக்கம் யாராச்சும் இருக்கறீங்களா? கெம்பம்மான்னு ஒரு டெய்லரம்மா. கையத் தூக்கச் சொல்லித்தான் அளவெடுக்கணும், அதான் நான் அன்னிக்குச் சொன்னதுன்னு சொல்லுங்க. இத யாரும் திருத்தி எழுத வேண்டாம்."

வரிசையாகக் கும்பிடு படம் வந்தது. ரோஜாப்பூ வந்தது. "சூப்பர் பாட்டிம்மா" என்று வந்தது. ராத்திரி சாப்பிடும் வரைக்கும் பார்த்தேன். மரம் குட்டையா என்று கேட்க அங்கே ஒருத்தியும் இல்லை.