மூன்று மணி ஆராதனையும் எங்கள் அண்ணரும்

அண்ணர் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கும் சொந்தக்காரருக்கும் சிநேகிதருக்கும் அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கதை அங்கும் இங்கும் போனால் அவளைக் குறை சொல்லாதீர்கள்.

அண்ணர் கோப்பாயில் பிறந்தவர். எங்கள் வீட்டில் மூத்தவர். ஐயா இளவயதில் கண்ணை மூடியதால் படிப்பை விட்டுவிட்டு பஸ் கொண்டக்டர் வேலைக்குப் போனார். பருத்தித்துறை ரூட். தங்கச்சிமார் இருவரையும் கரைசேர்த்த பிறகுதான் தான் கலியாணம் செய்தார். அவருடைய குரலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மிதிபலகையில் நின்று “இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ!” என்றால் பின் சீட்டில் நித்திரை கொள்பவரும் எழும்பிவிடுவார். ஞாயிறு வேலை என்றால் காக்கி உடுப்போடு காலை ஆராதனைக்கு வந்து, டிக்கெட் பையை வாங்குப் பலகையின் கீழ் வைத்துவிட்டு முழங்காலில் நிற்பார். ஒருநாள் ஜெபத்தின் நடுவே பை சரிந்து சில்லறை எல்லாம் பீடம் வரை உருண்டது. குருவானவரே குனிந்து பொறுக்கினார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு சண்டை வந்தது. வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். அதை இங்கே நீட்டவில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அதே கதைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூத்த மகன் அண்ணரையும் அண்ணியையும் ஒக்லாந்துக்குக் கூப்பிட்டான். அடுத்த வருடம் நானும் வந்து சேர்ந்தேன். அங்கே த்ரீ கிங்ஸ் என்ற இடத்தில் ஒரு கடைத்தொகுதியில் தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கட்டும் வேலை அண்ணருக்கு. “முந்தி ஆக்களை நெருக்கி ஏத்தினன். இப்ப இதுகளை நெருக்கிறன். இதுகள் மிச்சக்காசு கேக்காதுகள்” என்பார்.

அந்தப் பக்கத்து அங்கிலிக்கன் கோயிலில் இருந்த வயதான குருவானவரைப் பிடித்து, ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குத் தமிழ் ஆராதனை நடத்த அனுமதி வாங்கியவர் அண்ணர்தான். ஜெபங்களை அவரே வாசிப்பார். மாதத்தில் ஒருமுறை குருவானவர் வந்து திருவிருந்து தருவார். அவர் இங்கிலீசில் சொல்ல, நாங்கள் தமிழில் பதில் சொல்லுவோம். ஊரின் மறு கோடியில் இருக்கும் மாசி என்ற இடத்திலிருந்துகூடக் கார் பிடித்து வந்தார்கள்.

ஆராதனை முடிந்தால் பின் மண்டபத்தில் சாப்பாடு. பிறகு கழுவல். அண்ணி தலைமையில் பெண்கள் அடுப்பு, தரை, கதவுப்பிடி வரை துடைப்பார்கள். கறி மணம் போக, இந்த நாட்டு ஜூலைக் குளிரிலும் யன்னல் எல்லாம் திறந்துவிடுவோம். பூக்களையும் குப்பையையும் காரில் வீட்டுக்குக் கொண்டுபோவோம். பிறத்தியார் இடத்தில் வந்த சுவடு தெரியாமல் போவதுதான் மரியாதை என்று நினைத்திருந்தோம்.

அந்தக் குருவானவர் ஓய்வு பெற்றார். அவருடைய இடம் மாதக்கணக்காக வெறுமையாகக் கிடந்தது. புதியவரைத் தேடுவதற்கு, இது எப்படிப்பட்ட சபை என்று பிஷப்புக்கு எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வாடன் பொறுப்பில் இருந்த மார்கரெட் என்ற வெள்ளைக்கார அம்மா அண்ணரையும் அழைத்தார். துணைக்கு நானும் போனேன்.

பிஷப்புக்கு எழுதிய கடிதத்தை மார்கரெட் வாசித்தார். பத்து மணி ஆராதனைக்கு வரும் குடும்பங்கள், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி எல்லாம் வந்தன. எங்களைக் காணவில்லை. கடைசியில், மண்டபத்தைப் பாவிப்பவர்கள் என்று சாரணர், நடன வகுப்பு, அதற்குக் கீழே ஒரு தமிழ்க் குழு. ஆட்கள் குறைவென்றால் அரைநேரக் குருவானவர்தான் கிடைப்பார், அப்படியானால் கோயில், மண்டப நேரங்களைக் குறைக்க வேண்டிவரும் என்றும் சொன்னார்கள். எங்கள் மூன்று மணியும் அதில் போகலாம்.

திரும்பி வரும்போது காரில் அண்ணர் கேட்டார்.

“தம்பி, நாங்கள் ஆர்?”

“என்ன அண்ணை, இப்பிடிக் கேக்கிறியள்?”

“டான்ஸ் வகுப்புக்குக் கீழ கிடக்கிறமடா.”

செய்தி பரவியதும், கோபப்பட்ட சிலர் வேறு இடம் பார்ப்போம் என்றார்கள்.

“பாத்து?” என்றார் அண்ணர். “அங்கயும் கழுவித் துடைச்சுப்போட்டு ஓடுறதோ? பிழை அவையில இல்லை. நாங்கள் இருக்கிறமெண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?”

அடுத்த ஞாயிறு, பூக்களைப் பீடத்திலேயே விடச் சொன்னார். யன்னலைத் திறக்க வேண்டாம் என்றார். அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

“ஐயோ, நாளைக்கு அவை வந்து இந்த மணத்துக்கு என்ன நினைப்பினம்?”

“ஆக்கள் இருக்கினம் எண்டு நினைப்பினம்.”

அதற்கடுத்த ஞாயிறு எங்கள் எல்லாரையும் காலை பத்து மணி ஆராதனைக்கு வரச்சொன்னார். பின் வாங்குகளுக்குப் போனவர்களை, பழைய பஸ்ஸில் போல, “முன்னுக்கு வாங்கோ” என்று நகர்த்தினார். கோயில் நிறைந்தது. பிறகு நடந்த கூட்டத்தில் எழும்பினார். அவருடைய இங்கிலீஸ் உங்களுக்குத் தெரியும். ஆனால் குரல் இருந்தது.

“நாங்கள் வாடகைக்கு வாற ஆக்கள் இல்லை. எங்கட பேரப்பிள்ளையளுக்கு இந்தக் கோயிலிலதான் ஞானஸ்நானம். புதுக் குருவானவருக்கு நாங்களும் அவற்ற சனம் எண்டு எழுதுங்கோ.”

மார்கரெட்டின் முகம் சிவந்துவிட்டது. “காலை ஆராதனைக்கு எப்போதாவது வந்தாலும் நீங்கள் தேத்தண்ணீருக்கு நின்றதில்லையே. எங்களை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்தோம்” என்றார்.

“எங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லையே, அம்மா. கூப்பிடாமல் எப்பிடி நிக்கிறது?”

“இங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கோப்பையை எடுக்க வேண்டியதுதான்.”

முதலில் சிரித்தது அண்ணர். பிறகு எல்லாரும். அன்று அவர் மூன்று கோப்பை குடித்தார், சீனி வியாதியையும் மறந்து.

கடிதத்தை மாற்றி எழுதினார்கள். நாங்கள் முதல் பக்கத்துக்கு வந்தோம். முழுநேரக் குருவானவராக ஜூடித் வந்தார். பெண் குருவானவரா என்று எங்களுக்குள் முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர் அண்ணரிடம் கேட்டுப் பழகி, தமிழிலேயே சொல்லித் திருவிருந்து அப்பத்தைத் தந்தார். உச்சரிப்பு அவ்வளவு சரியில்லைத்தான். ஆனால் முணுமுணுத்தவர்களும் கையை நீட்டினார்கள்.

சில வருடங்களில் அண்ணருக்கு இருதய வருத்தம் வந்தது. தான் நடக்கும் காலத்திலேயே மூன்று மணி ஆராதனையை வேறு கையில் கொடுக்க நினைத்தார். தாதி வேலை செய்யும் சுகந்தியைத் தெரிந்தெடுத்தார். “இந்தப் பிள்ளைக்கு வயசு காணாதே, அண்ணை” என்றார்கள்.

“நான் செத்தாப்பிறகு குடுத்தால் அவளுக்கு ஆர் துணை? நான் முன் வாங்கில இருப்பன். பிழை விட்டாளெண்டால் இருமுவன்” என்றார்.

மாதக்கணக்காக அவர் இருமவே இல்லை. பிறகு ஒருநாள் வாசிப்பின் நடுவே இருமினார். சுகந்தி பயந்துபோய் நிறுத்தினாள்.

“எங்க பிழை, ஐயா?”

“இது மெய்யான இருமல். நீ வாசி, பிள்ளை.”

அதன்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஜூடித் ஒரு கையையும் அண்ணி மறு கையையும் பிடித்திருக்க, சுகந்தி ஜெபம் வாசிக்க, அமைதியாகப் போனார். மூன்று மணி ஆராதனை ஒரு ஞாயிறும் நிற்கவில்லை. இப்போது பாட்டனி டவுன்ஸ் பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன.

அண்ணரைப் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், இரவு பகலாக நின்ற பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும், கனடாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பறந்து வந்த சொந்தங்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கோயில் மக்களுக்கும் நன்றி என்று மகள் எழுதத் தொடங்கினாள். நான் நிறுத்தச் சொன்னேன். ஒரு வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் அச்சடித்து நன்றி சொல்வதில்லை. அண்ணர் இருந்திருந்தால் ஏசியிருப்பார். ஆகவே அவர்களுக்கு இவ்வளவுதான்: நினைவு ஆராதனை வழக்கம்போல ஞாயிறு மூன்று மணிக்கு. ரோல்ஸ் பலகாரம் நாங்கள் சுடுகிறோம். மார்கரெட், கேக் உங்கள் முறை.