தெளிந்த நீரின்மீது ஓர் ஐயம்

அந்தக் கண்ணாடித் தொட்டி எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியின் மருந்து மேசைமீது, டிங்சர் சீசாக்களுக்கும் கட்டுத்துணி டப்பாவுக்கும் நடுவே வைக்கப்பட்டிருந்தது. நீளம் இரண்டு முழம்கூட இராது. நான்கு மூலைகளிலும் தகரச் சட்டம்; உள்ளே ஆறு தங்கமீன்கள். டாக்டருக்குப் பதில் தோட்டத்தில் மருந்து கொடுக்கப் புதிதாக மாற்றலாகி வந்த டிரசர் ஐயா அவற்றைச் சுங்கைப்பட்டாணி டவுனில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். ஆனால் என் கண்ணை உறுத்தியது தொட்டியும் அன்று, மீன்களும் அல்ல. ஆஸ்பத்திரி வாசலில் மழைநீர்ப் பீப்பாய் விளிம்புவரை நிறைந்திருந்தது. அவர் அதைத் தாண்டி நடந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் ஜனங்கள் குடிக்கும் குழாயடிக்குப் போய், வரிசையில் நின்று, ஒரு வாளி தண்ணீர் பிடித்துவந்து தொட்டியை நிரப்பினார். கையெட்டும் தூரத்தில் நல்ல நீர் இருக்க, இந்த மனிதர் ஏன் அத்தனை தூரம் நடக்கிறார்? என் ஐயம் அந்த வாளியிலிருந்துதான் தொடங்கியது.

அக்காலத்தில் அத்தோட்டத்தின் பம்புக்காரன் நான். ஜெராய் மலையடிவாரத்து ஓடையிலிருந்து நீரை இறைத்து மேட்டுத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து லயங்களுக்கு விடுவது என் பொறுப்பு. அந்த வேலையோடு சேர்ந்து வந்ததே பம்புக் கொட்டகையை ஒட்டிய பலகை அறை. எனக்கு முன்பிருந்தவர்மீது யாரோ ஒரு குறை எழுதிக் கொடுக்க, ஒரே வாரத்தில் வேலையும் போயிற்று, அறையும் போயிற்று. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ஆகையால் நீரைப் பற்றி எவர் எங்கே என்ன பேசினாலும் என் காது அங்கேயே நிற்கும்.

மூன்றாம் நாளே தொட்டி கலங்கிவிட்டது. மீன்கள் செந்நிற நிழல்களைப் போலத் தெரிந்தன. புண்ணுக்கு மருந்து கட்ட வந்தவர்களும், காய்ச்சலுக்குக் கலவை வாங்க வந்தவர்களும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரசர் ஐயா தண்ணீரை மாற்றவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவர், யாழ்ப்பாணத்தார், வெள்ளைக் காற்சட்டை அணிந்தவர். பேசினால் ‘நீர்’ என்று மரியாதையாகத்தான் பேசுவார். அம்மரியாதையே எனக்குப் பிடிபடவில்லை. என் வேலையின் குறையை ஊரறியக் கண்ணாடியில் அடைத்து மேசைமேல் வைத்திருக்கிறார் என்றே எண்ணினேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, “அப்ப நான் இப்பவே பெட்டியைக் கட்டவா, இல்ல புள்ளையப் பெத்துட்டுக் கட்டவா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் சுகாதார ஆய்வாளர் வருகிறார் என்று செய்தி வந்ததும், தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி என்னை அலுவலகத்துக்கு அழைத்தார்.

“ஏம்ப்பா பம்புக்காரா, அந்த மீன் தொட்டியைப் பாத்தியா?”

“பாத்தேங்க.”

“சேத்துக்குட்டை மாதிரி கிடக்கு. வர்றவன் முதல்ல ஆஸ்பத்திரிக்குத்தான் போவான். அதைக் கண்டா அப்புறம் பம்பு யாரு பாக்குறான்னுதான் கேப்பான், இல்லையா? ஏதாவது வடிகட்டியைப் போட்டுச் சுத்தமா வச்சிடு. சாமான் வேணும்னா ஸ்டோர்ல எடுத்துக்கோலா.”

ஆக, தொட்டி தெளிந்தால் என் வேலை நிலைக்கும், கலங்கினால் போகும். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எந்த வடிகட்டியை வைப்பது என்று இரண்டு இரவு யோசித்தேன். நகரத்துக் கடைகளில் காற்றூதும் சிறு மோட்டாரோடு ஒன்று விற்றார்கள். எங்கள் தோட்டத்தில் மின்சாரம் மாலையில் சில மணி நேரமே ஓடும், எஞ்சிய பொழுதெல்லாம் அது வெறும் பொம்மை. ரப்பர் ஆலையில் பால் வடிகட்டும் பித்தளைச் சல்லடை ஒன்று சும்மா கிடக்கிறதே, அதைப் போடு என்றார் கிராணி. அதை முகர்ந்து பார்த்தேன். பாலை உறைய வைக்கும் ஆசிட்டின் நெடி அதில் அப்படியே இருந்தது. மீன்கள் செத்தால் பழி எவன் தலையில் விழும்? கிராணி அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பதை இன்றளவும் நான் தீர்மானிக்கவில்லை. கடைசியில் ஒரு பிஸ்கட் தகரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, ஓடை மணலை ஏழு முறை அலசிப் போட்டு, அதன்மேல் சிரட்டைக் கரியை உடைத்துப் பரப்பி, எல்லாவற்றுக்கும் மேலாகக் காடாத் துணி ஒன்றை மடித்து வைத்தேன். தகரத்தைத் தொட்டிக்கு மேலே பலகையில் ஏற்றி, தொட்டி நீரையே மொண்டு மேலே ஊற்றினால் சொட்டுச் சொட்டாகத் திரும்ப இறங்கும். ஆய்வாளர் வரும்வரை மூன்று நாளும் காலையும் மாலையும் நானே போய் ஊற்றினேன். டிரசர் ஐயாவும் தம் வழக்கப்படி தினம் அரை வாளிக் குழாய்த் தண்ணீரைச் சேர்த்துவந்தார். என் தகரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, “வடிவாய்ச் செய்திருக்கிறீர்” என்றார். அந்தப் பாராட்டை வீடுவரை சுமந்துபோய்ப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். எதற்காகச் சொன்னார் என்பது விளங்கவில்லை.

ஆய்வாளர் வந்த அன்று, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும், அத்தனை தெளிவு. தோட்ட நிர்வாகி துரை நின்றார். கிராணி முன்னால் வந்து, “நம்ம தோட்டத்துக் குழாய்த் தண்ணிதாங்க இது” என்று வாய்கொள்ளாத சிரிப்போடு சொன்னார். நான் கதவோரம் நின்று மூச்சுவிட்டேன். அப்போது டிரசர் ஐயா என் பக்கம் திரும்பினார்.

“பம்புக்காரர், அந்தத் தகரத்தை ஒருக்கா இறக்கும்.”

இறக்கினேன். அவர் இடுக்கியால் காடாத் துணியை எடுத்தார். காயத்துக்கு வைத்த கட்டைப் பிரிப்பவரைப் போல மெதுவாகத்தான் எடுத்தார். வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்துப் பிழிந்தார். பழுப்பும் கறுப்புமாகக் கொழகொழவென்று இறங்கியது. அதன் நாற்றம் அறையெங்கும் எழுந்தது. கிராணியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று. டிரசர் ஐயா ஆய்வாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கும் தமிழில் சொன்னார்: “மூண்டு நாள், ஆறு மீன். இது அதுகளின்ரை தண்ணி. லயத்துச் சனமும் இதே குழாய்த் தண்ணியைத்தான் குடிக்குது; அந்தச் சனத்துக்குத் துணியும் இல்லை, தகரமும் இல்லை.”

தொட்டி கலங்கியிருந்தால், கழுவாமல் விட்டதால் என்று வாதிடலாம். தட்டில் கிடந்ததை எவரும் மறுக்க முடியவில்லை. அதைத் திரட்டிக் கொடுத்தவன் நான். என் கையால் என் வேலைக்கே குழி பறித்தேன் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். ஆய்வாளர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். டிரசர் ஐயா பதில் சொன்னார். லயத்துக்குச் செங்கல்லால் பெரிய வடிகட்டித் தொட்டி கட்ட வேண்டும், தகரத்தைச் செய்தவனே அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதன் துணியைத் திங்கட்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. வேலை நிலைத்தது. அறை நிலைத்தது. வெளியே வந்ததும் கிராணி, “ரெண்டு பேரும் பேசி வச்சுத்தானே என்னை மாட்டிவிட்டீங்க?” என்று பல்லைக் கடித்தார். சத்தியம் செய்தேன், அவர் நம்பவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எட்டு ஆண்டுகள் திங்கட்கிழமைதோறும் துணியோடு போனேன். அவர் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். பிறகு என் முகத்தைப் பார்ப்பார். “சரி, போம்” என்பார். லயத்தில் குழந்தைகளின் வயிற்றோட்டம் குறைந்தது உண்மை. என் மகனும் அந்தத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்தான். ஆயினும் என் மனம் ஒரு கேள்வியிலிருந்து நகரவில்லை: கிராணி என்னைத்தான் அனுப்புவார் என்று கணக்கிட்டே அவர் அந்தத் தொட்டியை வைத்தாரா? அப்படியானால், ஏழு மாதக் கர்ப்பிணி குடியிருந்த ஓர் அறையை என்னைக் கேளாமலே பணயம் வைத்தார் அல்லவா?

இப்போது மெர்கோங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவனும் மீன் வளர்க்கிறான். போன மாதம் வடிகட்டி வாங்கப் போனபோது கடைக்காரப் பையன் ஒன்றைக் காட்டி, “இதைப் போட்டா ஆறு மாசத்துக்குத் திறக்கவே வேண்டாம் அங்கிள், தண்ணி கிளியரா இருக்கும்லா” என்றான். திறந்து பார்க்கக் கூடியதாக ஒன்றைக் காட்டு என்றேன். “எங்கப்பா தண்ணியைக் கூட விசாரிச்சுட்டுத்தான் நம்புவாரு” என்று மகன் சிரித்தான்.

அந்த எட்டாம் ஆண்டின் முடிவில், டிரசர் ஐயா மாற்றலாகிப் போன நாளில் லாரியடியில் நின்று கேட்டே விட்டேன். “ஐயா, அந்தத் தொட்டியை எனக்குன்னுதானே வச்சீங்க?” “நீர் ஏன் இப்பிடி யோசிக்கிறீர்? எனக்கு மீன் வளர்க்க ஆசை. அவ்வளவுதான்” என்றார். லாரி நகர்ந்தது. அதில் ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை.

புதிய டிரசரிடம் முதல் திங்கட்கிழமை துணியைக் கொண்டுபோனேன். அது வெளுத்ததுபோல் இருந்தது. “அதான் சுத்தமா இருக்கே, இதை எதுக்குத் தூக்கிட்டு வர்றே? போ போ” என்றார் அவர். ஆஸ்பத்திரிப் படியில் நின்று அதை வெயிலில் விரித்தேன். ஒரு கறை இல்லை. எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அது அப்படி இருந்ததில்லை. அரை மைல் தூரத்தையும் ஓடியே கடந்தேன். வடிகட்டித் தொட்டியின் பக்கச் சுவரில் செங்கல் ஒன்று பெயர்ந்து, ஓடைத் தண்ணீர் துணியையும் மணலையும் தொடாமலே லயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வால்வை அடைத்துவிட்டு, குடத்தோடு குழாயடிக்குப் போகிறவர்களைத் தடுக்க, கத்திக்கொண்டே லயத்தை நோக்கி ஓடினேன்.