மேவிஸ் வீட்டு வெதுவெதுப்பு

மேவிஸ் ஹோல்ராய்டுக்கு எழுபத்தாறு வயது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில், மேட்டுத் தெருவில் ஒரு கல் வீடு. புருஷன் போய்ச் சேர்ந்தபின் தனி ஆள். பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாகக் கிளறி ஓய்ந்தவள். வாய் மட்டும் ஓயவில்லை.

போன குளிர்காலத்தில் மார்ச்சளி கட்டி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதிலிருந்து டயர் கடை வைத்திருக்கும் மகன் நைஜெல் ஒரே பிடியாக நின்றான்.

"இது வீடாம்மா, ஐஸ் பெட்டி! கிறிஸ்துமஸுக்கு வர்றேன். அன்னிக்கும் மாடி ரூம் இப்படியே விறைச்சுக் கிடந்துச்சுன்னா, வித்துட்டு முதியோர் குடியிருப்புக்குக் கிளம்பிடணும். ஆமா."

"நான் செத்தப்புறம் வித்துக்கடா!"

வீராப்பாகச் சொல்லிவிட்டாள். அவன் கார் திரும்பியதும் கூடத்துச் சுவரில் கை வைத்து நின்றாள். இந்த நாலு சுவரை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

அந்தத் தெருவுக்கென்று ஒரு சாஸ்திரம் உண்டு. அறையைச் சூடாக்கச் சுவரோரம் வெந்நீர் ஓடும் இரும்புப் பலகைதான் ரேடியேட்டர்; அதில் கை வைத்தால் சுரீரென்று சுட வேண்டும். சுடாவிட்டால் ஹீட்டிங் ஓடவில்லை என்று அர்த்தம். ஆகவே அந்த வெந்நீரைக் காய்ச்சும் பாய்லரை எண்பது டிகிரியில் வைத்துக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி நேரம் விளாசுவார்கள். மற்ற நேரம் அணைத்துவிட்டு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். மேவிஸும் அந்தக் கூட்டம்தான். கூடத்தில் வேர்க்கும், மாடியில் மூக்கு உறையும்.

நவம்பரில் ரேடியோவில் ஒருவர் பேசினார். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை ஐம்பத்தைந்துக்குக் குறையுங்கள், நாள் முழுக்க ஓடவிடுங்கள். தண்ணீர் ஆறித் திரும்பி வந்தால்தான் புகையோடு வெளியே ஓடும் சூட்டையும் பாய்லர் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார்.

"போடா பைத்தியக்காரா" என்று ரேடியோவைத் திட்டினாள். சொன்ன வாய் மூடுமுன் கஸ்டர்ட் அண்டா நினைவுக்கு வந்தது. தீயைத் தூண்டினால் அடி கருகும், மேலே மாவு பச்சையாக நிற்கும். சிறு தீயில்தானே ஒரே சீராக வெந்தது? அடடா!

பாய்லரில் இரண்டு குமிழ்கள். அவசரத்தில் குழாய்த் தண்ணீருக்கான குமிழைக் குறைத்துவிட்டு, மறுநாள் பச்சைத் தண்ணீரில் குளித்து அலறினாள். அப்புறம் சரியானதைத் திருகினாள்.

பக்கத்து வீட்டு பிரெண்டா ஓடி வந்தாள். "ஏ மேவிஸ், உன் பாய்லரு வெளிக்குழாயில தண்ணி சொட்டுதுடி! ரேடியேட்டரும் செத்துப்போய் கெடக்கு!"

"சொட்டட்டும். புகையில இருந்த சூட்டை உள்ளே பிடிச்சுக்கிட்டு, ஆவி ஆறின தண்ணியைத் துப்புது."

"கெழவிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று பிரெண்டா தெருவெல்லாம் சொன்னாள்.

முதல் இரண்டு நாள் மேவிஸுக்கே நம்பிக்கையில்லை. கை அந்தப் பழைய எண்பதுக்கே துறுதுறுத்தது. மூன்றாம் நாள் மாடிச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அதன் சில்லிப்பு போயிருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று ஆலங்கட்டி மழை. நைஜெல் உள்ளே நுழைந்ததுமே உள்ளங்கையை ரேடியேட்டரில் வைத்தான்.

"பாத்தியா? வெதுவெதுன்னு கெடக்கு. ஹீட்டிங்கே போடல! உன்னைத் திருத்தவே முடியாதும்மா."

திட்டிக்கொண்டே கோட்டைக் கழற்றினான். வான்கோழியை வெட்டும்போது ஸ்வெட்டரைக் கழற்றினான். மேவிஸ் வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரு முழுக்கத் தெரியும்.

சாப்பிட்டதும், "மாடியைப் பாத்துட்டு வந்து பேசிக்கறேன்" என்று ஏறினான். வெகுநேரம் இறங்கவில்லை. அவள் மேலே போனாள்.

போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, அரைக்கைச் சட்டையோடு மல்லாந்து கிடந்தான். குறட்டை கூரையைத் தூக்கியது. அவளுக்குச் சந்தோஷம் தாளவில்லை; சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. விலாவில் ஒரு குத்துவிட்டாள்.

"என்னடா, விறைச்சுக் கெடக்கா? பாய்லர் குமிழை ஐம்பத்தஞ்சுக்குத் திருகி, நாள் பூரா ஓட விட்டிருக்கேன்டா!"

நைஜெல் எழுந்து உட்கார்ந்து திருதிருவென்று விழித்தான். மூலைச் சுவரைத் தடவிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"வீடு விக்கற பேச்சை விட்டுட்டேம்மா. எங்க வீட்டுல பிள்ளைங்க நடுங்குதுங்க. நீ வந்து அந்தக் குமிழைத் திருகிக் குடுக்கறியா?"

"வர்றேன். ஆனா சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து விட்டுடணும். எனக்கு என் வீட்டுலதான் தூக்கம் வரும்."