பருத்திக் காட்டில் படித்த அரபி

பருத்தி எடுத்துக்கொண்டே ஒரு பாஷையை மனப்பாடம் பண்ணியிருக்கிறீர்களா? பருத்தி எடுக்க இரண்டு கையும் இடுப்பும் போதும். வாயும் மண்டையும் சும்மாதான் கிடக்கும். அந்தத் தைரியத்தில் இறங்கினேன். குடும்பத்துக்காகத் தெரியாத வேலையில் தலையைக் கொடுத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

குவைத்துச் சண்டை முடிந்து ஐந்தாறு வருசம் இருக்கும். என்னோடு எட்டாவது வரை படித்த மும்தாஜ், அங்கே வீட்டு வேலை பார்த்தவள், நாற்பது நாள் லீவில் எங்கள் ஊரான பாலவனத்தம் வந்திருந்தாள். அவள் எசமானியின் தங்கைக்குச் சமையலுக்கு ஆள் வேண்டுமாம். பாஷை தெரியாத ஆள் ஆகாதாம். எங்கள் காட்டில் இரண்டு வருசமாக மழை இல்லை; கிணறு இருக்கிறவர்கள் காட்டில் கூலிக்குத்தான் பருத்தி எடுத்தேன். மகள் செல்விக்கு ஐந்து வயது. எங்க வீட்டுக்காரவுக சரி என்று சொன்னதும் மும்தாஜிடம் போய் நின்றேன். "நான் கெளம்புறதுக்குள்ள அரபியில நூறு வார்த்தை சொல்லிரு, கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னா வேற ஆளப் பாப்பேன்" என்றாள்.

நிரைக்கு ஒரு வார்த்தை

மும்தாஜ் தமிழில் எழுதித் தந்த சீட்டை முந்தானையில் முடிந்துகொள்வேன். ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி, எடுத்து முடிப்பதற்குள் ஒரு வார்த்தை. மெல்ஹ் உப்பு, பஸல் வெங்காயம், மாய் தண்ணீர். மனசில் நிற்காவிட்டால் அடுத்த நிரைக்கும் அதே வார்த்தைதான், சத்தம் போட்டே சொல்வேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் பக்கத்து நிரை ராக்கம்மா மதினி. "ஏத்தா பொன்னுத்தாயி, நீ குவைத்துக்குப் போறியோ இல்லையோ, நேத்து கடையில நான் அரைக் கிலோ பஸல் கேட்டுட்டு வந்தேன்."

காப்பிப் பரீட்சை

மும்தாஜ் எசமானி மாதிரி கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். நான் காப்பி ஊற்ற வேண்டும். ஒரு தம்ளர் ஆனதும் "ஹலாஸ்" என்றாள். போதும் என்று அர்த்தம். தெரிந்துதான் இன்னொரு தம்ளர் ஊற்றினேன். போதும் என்கிற விருந்தாளியை அப்படியே விட்டால், நம் பக்கம் காலத்துக்கும் சொல்லிக் காட்ட மாட்டார்களா? தம்ளரைக் கையால் மூடினாள். விரல் இடுக்கில் ஊற்றினேன். சேலையெல்லாம் காப்பி.

"அர்த்தம் தெரிஞ்சு என்னடி பிரயோசனம்? அங்க போதும்னா போதும்தான்!"

வீட்டுக்கு வந்து செல்வியை எசமானி ஆக்கி, கஞ்சித் தண்ணியை வைத்துப் பழகினேன். அவள் "ஹலாஸ்" என்றதும் கையை இழுத்துக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது.

சீட்டில் இல்லாதது

முப்பத்தெட்டாம் நாள் நூறையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மும்தாஜ் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் கேட்டேன்: "ஊருக்குப் போகணும்னு எப்படிக் கேக்கணும்?"

நூறில் அது இல்லை. சீட்டை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் "அபி அரூஹ் பெய்த்" என்று எழுதித் தந்தாள். நாலு வருசத்தில் அவள் வாய்விட்டு ஒரு தடவைதான் கேட்டாளாம்.

"பத்திரமா வச்சுக்கோ. ஆனா போன உடனே கேட்டுறாத."

மறுநாள் பத்து நிரைக்கும் அது ஒன்றைத்தான் சொன்னேன்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு

பஸ் கிளம்பும்போது முந்தானையில் முடிந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்பா தோளில் இருந்த செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்த எசமானி இன்னும் கொஞ்ச நாள் இருன்னு சொன்னா, ஹலாஸ்னு சொல்லி தம்ளர மூடிட்டு வந்துரும்மா."